பேஸ் வாசித்த கை செல்லோவைத் தொட்டால் என்ன நடக்கும், தெரியுமா?

வில்லே தொடாமல் வாசிக்கப்படும் செல்லோ ஒன்று நம் வட்டாரத்திலேயே இருக்கிறது, தெரியுமா? ஐரோப்பிய இசையரங்கில் அல்ல, குரொஞ்சோங் குழுவில்! ஜாவாவில் வளர்ந்து மலாய் உலகம் முழுவதும் பரவிய அந்த இசையில் செல்லோக்காரர் வில்லைக் கையில் எடுப்பதே இல்லை. விரலால் மீட்டுகிறார். நான்கு தந்திக்குப் பதில் பெரும்பாலும் மூன்றே தந்தி. அதைவிட வியப்பு அந்தச் செல்லோவின் வேலை! கெண்டாங் மத்தளம் போட வேண்டிய தாளக்கட்டை அது எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் டபுள் பேஸ் ஆழமான அடிச்சுரத்தை நிறுத்தி நிறுத்திப் போட, செல்லோ அந்த இடைவெளிகளுக்குள் துள்ளித் துள்ளி ஓடுகிறது.

அதனால்தான், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பேஸ் கிட்டார் வாசிக்கும் யாராவது 'செல்லோ கற்கலாமா, வயதாகிவிட்டதோ' என்று இழுத்தால் நான் உடனே சொல்வேன்: பாதி வாத்தியம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது! இடது கை தயார். தாளம் தயார். தாழ்ந்த சுரங்களுக்குப் பழகிய காது தயார். வலது கைதான் புதிதாகப் பிறக்க வேண்டும்.

இந்த ஊர் இப்படிக் கலந்து கட்டுவதில் பழைய கை என்பது தெரியுமா? இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவின் உடைகளையும் பொருட்களையும் வாங்கி, மாமாக் பூஷி என்பவர் 1885இல் இங்கே ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். மலாய் உலகையே மயக்கிய பங்சாவான் நாடகம் அப்படித்தான் பினாங்கில் பிறந்தது! வயலின், ஹார்மோனியம், தபேலா என்று தொடங்கிய அதன் இசைக்குழுவில் பின்னாளில் பியானோவும் டிரம்பெட்டும் டபுள் பேஸும் வந்து உட்கார்ந்தன. 1929இல் இதே ஊரில் பிறந்த பி. ரம்லி நடிகராகப் புகழ்பெறும் முன்பே வயலின் வாசித்தவர். 1960களின் இறுதியில் இங்கிருந்து கிளம்பிய 'அலிகேட்ஸ்' குழுவை நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற நம் தமிழ்ச் சகோதரர்கள்! மலாய்ப் பாட்டு, மேற்கத்திய இசைக்கருவிகள், தமிழ்ப் பெயர்கள். பினாங்கில் இதற்கு யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

சரி, வாத்தியத்துக்கு வருவோம். பேஸ் கிட்டாரின் மிக மெல்லிய தந்தியும் செல்லோவின் இரண்டாவது தடித்த தந்தியும் ஒரே சுரம் என்பது தெரியுமா? இரண்டும் ஜி. இரண்டும் வினாடிக்கு 98 முறை அதிர்பவை. மாற்றமே இல்லை! செல்லோவின் ஆகத் தடித்த சி தந்தி, பேஸ் கிட்டாரின் ஏ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் விரல் வைத்தால் கிடைக்கும் அதே சுரம்தான். அதாவது பேஸின் மேல்பாதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் செல்லோவின் அடித்தளம் தொடங்குகிறது. நீங்கள் எப்போதாவது ஒரு குட்டித் தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் எட்டிப் பார்க்கும் சுரங்கள் செல்லோக்காரருக்குத் தினசரிச் சோறு.

கை வலிக்கும் என்று பயமா? அளவைப் பாருங்கள்! பேஸ் கிட்டாரின் வழக்கமான தந்தி நீளம் 86 செ.மீ.யைத் தாண்டும். டபுள் பேஸில் அது ஒரு மீட்டருக்கும் மேல். செல்லோவிலோ சுமார் 69 செ.மீ. மட்டுமே! கணக்குப் போட்டால், முதல் அரைச்சுர இடைவெளி பேஸ் கிட்டாரில் ஏறக்குறைய 4.8 செ.மீ., செல்லோவில் 3.9 செ.மீ. டபுள் பேஸ்காரர்கள் தாழ்ந்த இடங்களில் நான்கு விரலை விரித்தும் ஒரு முழுச்சுரத்தைத்தான் பிடிப்பார்கள். மூன்றாம் விரலும் நான்காம் விரலும் சேர்ந்து ஒரே விரலாக வேலை செய்யும். செல்லோவில் ஒவ்வொரு விரலுக்கும் ஓர் அரைச்சுரம் தனியாகக் கிடைக்கிறது. பேஸ் கிட்டாரில் விரலுக்கொரு ஃபிரெட் என்று பழகியவருக்கு இது சொந்த வீட்டு வாசல்படி!

ஒரே ஒரு சிக்கல், வாசலில் ஃபிரெட் இல்லை. பேஸ் கிட்டாரில் உலோகக் கம்பிக்கு முன்னே எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக நிற்கும். செல்லோவில் விரல் நின்ற இடம்தான் சுருதி. இரண்டு மில்லிமீட்டர் தவறினால் காது சுருங்கும். மேல் ஸ்தாயிக்குப் போகப் போக இடைவெளிகள் குறுகி, ஒரு ஸ்தாயி தாண்டியதும் சரிபாதியாகிவிடும்! விரற்பலகையில் வண்ண ஒட்டுநாடா ஒட்டித் தொடங்குவது பரவலான வழக்கம். தொடக்கத்துக்கு அது நல்ல துணை. ஆனால் கண் கற்றுக்கொண்டதைக் காது மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருப்பதால், அதைச் சீக்கிரமே உரித்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்து ஜி தந்தியோ டி தந்தியோ தானாகச் சேர்ந்து முணுமுணுத்தால் விரல் சரியான இடத்தில் நிற்கிறது என்று பொருள். செல்லோவே உங்களைத் திருத்தும்!

ஃபிரெட்டைப் பிடுங்கி எறிந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்த பேஸ்காரர் ஒருவர் உண்டு, தெரியுமா? ஜாக்கோ பாஸ்டோரியஸ்! அதற்குப் பின்னால் இருந்தது ஈரக்காற்று. ஃப்ளோரிடாவில் வளர்ந்த அவர் டபுள் பேஸ் ஒன்றை ஆசையாக வாங்கினார். அங்குள்ள ஈரப்பதத்தில் அது வெடித்துப் பிளந்துபோனது என்று அவரே சொன்ன கதை இசைக்காரர்கள் நடுவே புகழ்பெற்றது. அந்தக் குரலை மின்சார பேஸிலேயே கொண்டுவர, ஃபிரெட் இல்லாத கழுத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். பினாங்கின் காற்றும் அதே வகைதான். இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சுருதி சேர்ப்பு. பேஸில் ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குப் போனால் ச-விலிருந்து ம. செல்லோவில் ச-விலிருந்து ப! இந்த ஒரே மாற்றம், பழகிய எல்லா விரலடியையும் கலைத்துப் போட்டுவிடும். பேஸ்காரர்கள் முதல் சில வாரங்களில் திணறுவது இங்கேதான். ஆனால் நம் கர்நாடக வயலின் ச-ப-ச-ப என்று கட்டப்படுகிறது, கவனித்திருக்கிறீர்களா? ச-விலிருந்து ப, செல்லோவின் இடைவெளி. ப-விலிருந்து மேல் ச, பேஸின் இடைவெளி. இரண்டு உலகமும் ஒரே வயலினில்! கோயில் கச்சேரியிலோ நடன வகுப்பிலோ வயலின் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இந்த இரண்டு தாவலும் ஏற்கெனவே பழக்கம்.

இந்தச் சிக்கலை அடியோடு தவிர்த்த மாமேதை ஒருவர் இருந்தார் தெரியுமா? ஆஸ்கர் பெட்டிஃபோர்ட், அமெரிக்காவின் மிகச் சிறந்த ஜாஸ் பேஸ்காரர்களில் ஒருவர். 1949இல் பேஸ்பால் விளையாடும்போது கை உடைந்துவிட்டது. டபுள் பேஸைப் பிடிக்கவே முடியாத நிலை. வேறு யாராக இருந்தாலும் படுத்திருப்பார்கள். அவர் செல்லோ ஒன்றை எடுத்துக்கொண்டார்! அதன் பிரடைகளைத் திருகி, டபுள் பேஸ் போலவே ச-ம இடைவெளியில், ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்துக்கொண்டு விரலால் மீட்டத் தொடங்கினார். 1950இல் டியூக் எலிங்டனே பியானோவில் உட்கார, அந்தச் செல்லோவோடு இசைத்தட்டும் வந்துவிட்டது. உடைந்த கை ஜாஸ் உலகுக்கு ஒரு புதுக் குரலைக் கொடுத்தது!

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் செய்தி. 1960, அந்த ஒரே ஆண்டில், நான்கு பேஸ்காரர்கள் செல்லோவோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள்! 'ஜாஸ் செல்லோ' என்றே பெயரிட்டு ரே பிரவுன். 'சோல்னிக்' தட்டில் டக் வாட்கின்ஸ். 'தி சோல் சொசைட்டி' தட்டில் சாம் ஜோன்ஸ். எரிக் டால்ஃபியின் 'அவுட் தேர்' தட்டில் ரான் கார்ட்டர். நான்கு பேருமே பாட்டின் பின்வரிசையில் நின்று மற்றவர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள். முன்னால் வந்து பாட ஒரு குரல் வேண்டும் என்று தோன்றியபோது நான்கு பேர் கையும் போனது செல்லோவிடம். அதே 1960 செப்டம்பரில்தான், அந்தக் கதவைத் திறந்துவிட்ட பெட்டிஃபோர்ட் கோபன்ஹேகனில் காலமானார். வயது 37.

இந்த நால்வரில் ரான் கார்ட்டரின் பாதை நேர்மாறானது. அவர் பேஸிலிருந்து செல்லோவுக்கு வந்தவர் அல்ல. பத்து வயதில் கையில் எடுத்ததே செல்லோதான்! டெட்ராய்ட்டில் பள்ளியில் படிக்கும்போது, வாசிக்கும் வாய்ப்புகளெல்லாம் வெள்ளை மாணவர்களுக்கே போவதைக் கண்டார். கறுப்பின மாணவரான அவரிடம் யாரும் செல்லோவை எதிர்பார்க்கவில்லை. டபுள் பேஸுக்கு மாறினார். மாறியவர் என்ன செய்தார் தெரியுமா? 2015 நிலவரப்படி 2,221 ஒலிப்பதிவுகளில் வாசித்து, வரலாற்றிலேயே அதிகம் பதிவு செய்யப்பட்ட ஜாஸ் பேஸ்காரர் என்று கின்னஸ் ஏட்டில் பெயர் பொறித்தார்! சார்லஸ் மிங்கஸும் சிறுவயதில் செல்லோ வாசித்து, அதன் பிறகே பேஸுக்கு வந்தவர். பேஸ் உலகின் இந்த இரண்டு மலைகளுக்கும் அடியில் இருந்தது செல்லோ. கார்ட்டருக்கு நேர்ந்த அநீதி நடந்திருக்கவே கூடாது. ஆனால் அவர்களுடைய பேஸில் பாட்டு இவ்வளவு வழிந்ததற்கு, சிறுவயதில் விரலில் ஏறிய செல்லோவும் ஒரு காரணம் என்றே நான் கேட்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் 1799, வியன்னா. டொமெனிகோ டிராகோனெட்டி என்ற இத்தாலிய டபுள் பேஸ் மேதை பேத்தோவனைச் சந்திக்கிறார். பேத்தோவன் செல்லோவுக்காக எழுதிய சொனாட்டா ஒன்றை அந்தப் பிரமாண்ட வாத்தியத்திலேயே வாசித்துக்காட்டுகிறார், பியானோவில் பேத்தோவனே! முடிந்ததும் பேத்தோவன் துள்ளி எழுந்து டிராகோனெட்டியையும் வாத்தியத்தையும் சேர்த்து அணைத்துக்கொண்டாராம்.

இனி வில். பேஸ்காரர் செல்லோவில் சந்திக்கும் மிகப் பெரிய அதிசயம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தந்தியை விரலால் மீட்டினால் ஓசை பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. வில்லால் இழுத்தால்? ரோசின் பூசிய குதிரைவால் முடி தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவித் திரும்புகிறது, மறுபடி பற்றுகிறது. செல்லோவின் ஏ தந்தியில் இது வினாடிக்கு 220 முறை நடக்கிறது! நீங்கள் ஒரே ஒரு நீண்ட சுரத்தை மூன்று வினாடி இழுத்தால், 660 முறை பிடித்து 660 முறை விட்டிருக்கிறீர்கள். ஓசை மட்டும் அறுபடாமல் ஒழுகுகிறது!

அதிரும் அந்தத் தந்தி கண்ணுக்கு மங்கலான அகன்ற பட்டையாகத் தெரியும். உண்மையில் எந்தக் கணத்தில் உறையவைத்துப் பார்த்தாலும் அது இரண்டே நேர்கோடுகள், நடுவே ஒரு மடிப்பு! அந்த மடிப்பு தந்தியின் இரு முனைகளுக்கும் நடுவே பாய்ந்தோடிக்கொண்டே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், அதிர்வைக் காட்டும் நுண்ணோக்கி ஒன்றை வைத்து இதைக் கண்டறிந்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர்.

அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தவர் யார் தெரியுமா? திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சி. வி. இராமன்! ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு வாங்கியவர் என்றுதான் பள்ளிப் பாடத்தில் படித்தோம். அதற்கு வெகு முன்பே, கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் வயலினையும் செல்லோவையும் ஆராய்ந்துகொண்டிருந்தார் அவர். அப்பா சந்திரசேகர ஐயரும் வயலின் வாசிப்பவர். வீட்டில் கேட்ட ஓசை ஆய்வுக்கூடம் வரை வந்துவிட்டது! வில்லால் இழுக்கப்படும் தந்திகளின் கோட்பாட்டை 1918இல் ஒரு தனி நூலாகவே வெளியிட்டார். 1920இல் அவர் விவரித்த இயந்திர வயலின் அமைப்பில் வில் அசையாமல் நிற்கும், வயலின்தான் முன்னும் பின்னும் போய்வரும்! மனிதக் கையின் ஏற்ற இறக்கம் இல்லாமல் வேகத்தையும் அழுத்தத்தையும் அளந்துவிட வேண்டும் என்ற வைராக்கியம்.

செல்லோக்காரர்கள் பயந்து நடுங்கும் 'ஓநாய்ச் சுரம்' பற்றியும் இராமன் 1916இல் எழுதினார். எந்த நல்ல செல்லோவிலும், பெரும்பாலும் ஈ-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே, ஒரு சுரம் மட்டும் அடங்காது. இழுத்தால் நடுங்கி, விக்கி, உறுமும்! காரணம், அந்தச் சுரத்தில் செல்லோவின் மர உடலே தந்தியோடு சேர்ந்து பலமாக ஆடத் தொடங்குவது. தந்தியின் ஆற்றலை உடல் உறிஞ்சிக்கொள்ள, தந்தி தன் அடிச்சுரத்தை விட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. உடல் ஓய்ந்ததும் அடிச்சுரம் திரும்புகிறது, உடல் மறுபடி ஆடுகிறது. இந்த இழுபறிதான் உறுமல். செல்லோவின் தந்தியும் மேற்பலகையும் ஒரே நேரத்தில் எப்படி அதிர்கின்றன என்பதைப் படம் பிடித்தே காட்டினார் இராமன். இன்றும் செல்லோக்காரர்கள் முழங்காலால் உடலை இறுக்கிப் பிடித்தோ, குதிரைக்குக் கீழே தந்தியில் சிறு பித்தளைக் குழாய் மாட்டியோ அந்த ஓநாயை அடக்குகிறார்கள். பேஸ் கிட்டாரிலிருந்து வருபவர் முதல்முறை இதைக் கேட்டால் தன் கைதான் தவறு என்று நினைத்துக்கொள்வார். தவறு கையில் இல்லை!

வில் பழக என்ன செய்யலாம்? இடது கையைச் சும்மா விட்டுவிட்டு, விரலே வைக்காத தந்தியில் நீளமாக இழுங்கள். குதிரைக்கு நெருங்கினால் அழுத்தம் கூட வேண்டும், விலகினால் வேகம் கூட வேண்டும். இராமன் அளந்த அதே விதி உங்கள் தோளிலும் முழங்கையிலும் படியும் வரை இழுங்கள். பேஸ்காரர்களுக்கு இடது கை வேகமாக ஓடத் துடிக்கும். அதை ஓடவிட்டால் வில் என்றைக்கும் பின்தங்கியே நிற்கும். பொறுமைதான் இங்கே சம்பாத்தியம்.

செல்லோவின் உடலுக்குள் நம் காடும் இருக்கிறது, தெரியுமா? மேற்பலகை ஸ்புரூஸ், முதுகு மேப்பிள், இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். நல்ல வில்லுக்குப் பிரேசிலின் பெர்னம்புகோ. விரல் ஓடும் கறுப்புப் பலகைக்கோ கருங்காலி! அந்தக் கருங்காலியில் மிக உயர்ந்ததாகக் கொண்டாடப்பட்டது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் விளைந்த வகை. வெட்டி வெட்டி அருகிப்போனதால் இன்று அந்த வகைக்குக் கடுமையான காப்பு இருக்கிறது, கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு ஆப்பிரிக்கக் கருங்காலி.

அந்தக் குளிர்நாட்டு மரம் பினாங்குக்கு வந்தால்? இங்கே காற்றின் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காட்டைத் தாண்டும். மரம் நீரை உறிஞ்சி உப்பும், மேற்பலகை உயரும், கழுத்து மெல்லத் தாழும், தந்திகள் விரற்பலகையை விட்டு எழும்பிவிடும். நேற்று வரை இலகுவாக அழுந்திய தந்தி இன்று விரலை அறுக்கும்! செல்லோவை ஒட்டும் பசை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுப்பது. பழுது பார்க்கும்போது பிரித்தெடுக்க வசதியாக, வேண்டுமென்றே அதைத்தான் போடுகிறார்கள். சூட்டிலும் ஈரத்திலும் அது இளகி விளிம்பு திறந்துகொள்ளும். இரவெல்லாம் குளிர்சாதனம், பகலெல்லாம் திறந்த ஜன்னல் என்று மாற்றி மாற்றி வைப்பதுதான் மிகப் பெரிய கேடு. ஒரே அறை, ஒரே நிலை, வெயில் படும் காரில் ஒருபோதும் வேண்டாம். பேஸ் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

லிட்டில் இந்தியாவின் கடைவாசல்களில் இளையராஜா பாட்டு ஒலிக்கும்போது தூரத்திலேயே நம்மை வந்து தொடுவது எது? பேஸ்! அந்த பேஸ் வரிகளைப் பல்லாண்டுகளாக வாசித்தவர் சசிதரன். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டே ஓடும் வரிகள் அவை, வில்லில் இழுத்தால் அப்படியே செல்லோ மெட்டாகிவிடும். வேண்டுமானால் முயன்று பாருங்கள்! 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தட்டில் பாக்கும் தியாகராஜரும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கிறார்கள். அதில் வயலின் பேசிய வி. எஸ். நரசிம்மன், பின்னர் கர்நாடக இசையை மேற்கத்திய நால்வர் தந்திக்குழுவில் வாசிக்க 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' என்ற குழுவை அமைத்தார். அதில் செல்லோ வி. ஆர். சேகர். ஆலாபனையின் கமகங்கள் செல்லோவின் ஆழத்தில் உருளும்போது, இந்த வாத்தியம் ஏன் இத்தனை நூற்றாண்டு நம்மிடம் வராமல் போனது என்ற ஏக்கமே வந்துவிடும். நெதர்லாந்தில் பிறந்து இந்தியாவில் வாழும் சாஸ்கியா ராவ் டி ஹாஸ் ஒரு படி மேலே போய், ஐந்து முதன்மைத் தந்தி, அவற்றோடு தானாக அதிரும் பத்துத் துணைத் தந்தி என்று தரையில் அமர்ந்து வாசிக்க ஓர் இந்தியச் செல்லோவையே செய்வித்துக்கொண்டார்!

கடைசியாக, பேஸ்காரர்கள் எல்லோரும் எப்போதாவது விரலில் எடுத்துப் பார்க்கும் அந்த பாக் தொகுதி. தனிச் செல்லோவுக்கான ஆறு சூட்டுகள். பாக் தன் கையால் எழுதிய பிரதி இன்று எங்குமே இல்லை, தெரியுமா? கிடைத்திருப்பதில் மிக முக்கியமானது அவர் மனைவி அன்னா மக்தலேனா எழுதிய படி! 1890இல் பார்சிலோனாவின் பழைய இசைத்தாள் கடை ஒன்றில் 13 வயதுச் சிறுவன் பாப்லோ கசால்ஸ் கையில் இந்தச் சூட்டுகளின் அச்சுப் பிரதி ஒன்று அகப்பட்டது. மேடையில் வாசிக்கும் துணிவு வர அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆறையும் இசைத்தட்டில் பதிந்தது 1936 முதல் 1939 வரை. முதல் சூட்டின் முகப்புப் பகுதி, ஜி, டி என்ற இரண்டு திறந்த தந்திகளோடு தொடங்குவதால் பேஸ்காரர் விரலுக்கு உடனே வசப்படும். அமெரிக்காவின் எட்கர் மேயர் இந்தச் சூட்டுகளில் மூன்றை டபுள் பேஸிலேயே வாசித்து இசைத்தட்டாக்கினார். ஆறாவதோ வேறு ஜாதி. அதை பாக் எழுதியது ஐந்து தந்தி வாத்தியத்துக்கு, மேலே ஒரு ஈ தந்தி கூடுதல்! நான்கு தந்திச் செல்லோவில் அதை வாசிக்க, கழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெருவிரலை வெளியே எடுத்துத் தந்தியின்மேலேயே குறுக்காகப் படுக்கவைத்து ஏற வேண்டும். பேஸ் கிட்டார்க்காரர் அந்தப் பெருவிரலை இப்படி வைத்ததே இல்லை. டபுள் பேஸ்காரரோ மேல்சுரங்களுக்கு ஏறும்போதெல்லாம் அப்படித்தான் வைக்கிறார்!